மீன் தண்ணீரில் விழுந்தேன்: கொல்லங்கோடு – பூவார் – விழிஞ்ஞம் ரோட்டில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்கள் வந்து பேசுங்கள்

நித்திரவிளைக்காரன் · ஆகஸ்ட் 5, இரவு 9.40

இடது முழங்கையில் கட்டு, அதனால் மெதுவாகத்தான் தட்டுகிறேன். ஆனாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஒன்பது வருடமாக குமரி மாவட்டத்திலிருந்து எல்லை தாண்டி, கேரளாவில் விழிஞ்ஞம் பக்கம் வேலைக்குப் போய் வருகிறேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பி கொல்லங்கோடு, ஊரம்பு, பூவார், காஞ்சிரங்குளம் வழியாகப் போவேன். பூவாரில் நெய்யாறு கடலைத் தொடப்போகும் இடத்தில் விடியும். தென்னைகளுக்கு நடுவே தண்ணீர் வெளுத்துக் கிடக்கும். அதைப் பார்த்துப் பழகியவனுக்கு பஸ்ஸில் போக மனம் வராது.

இந்த ஒன்பது வருடத்தில் மூன்று தடவை விழுந்திருக்கிறேன். மூன்றும் ஆகஸ்ட் மாதம். முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. நம் குமரி மேற்குக் கரையில் விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கேரளாவில் ஜூன் 9 இரவு தொடங்கி 52 நாள், அதுவும் ஜூலை 31-ல்தான் முடிகிறது. ஆக, இரண்டு பக்கமும் ஒன்றாகக் கடலுக்குப் போகிறார்கள். அடுத்த நாட்களில் கணவாயும் நவரையும் சாளையும் மொத்தமாக ரோட்டுக்கு வருகின்றன. லாரி, டெம்போ, ஆட்டோ எல்லாவற்றிலிருந்தும் ஐஸ் தண்ணீர் ஒழுகுகிறது. அதன்மேல் ஆடிச் சாரல்.

நேற்றுக் காலை ஊரம்பு தாண்டி ஒரு இறக்கம், இடதுபக்கம் திரும்பும் வளைவு. வேகம் முப்பத்தைந்துக்கு மேல் இல்லை. சாரலுக்காக ஹெல்மெட் கண்ணாடியை முழுக்க இறக்கியிருந்ததால் வாடை மூக்குக்கு வர நேரமாகிவிட்டது. வந்தபோது வளைவுக்குள் இருந்தேன். கால் பிரேக்கை மிதித்தேன். பாசி பிடித்த குளத்துப் படியில் கால் வைத்ததுபோல முன் சக்கரம் போய்விட்டது.

மீன் விற்கப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா சுமையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார். என்னைத் தூக்குவதற்கு முன்பு ரோட்டில் நின்று பின்னால் வந்த பைக்கைக் கைகாட்டி நிறுத்தினார். அவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் அந்த ஆளும் என் மேல்தான் வந்து விழுந்திருப்பார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மலைப்பாதைப் பயணம், லடாக் பயணம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதுகிறார்கள். நாம் தினமும் போகும் இந்த ரோட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எந்த இடத்தில் வழுக்குகிறது, நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள், விழுந்த வண்டியை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

முட்டம் லைட்ஹவுஸ் · ஆகஸ்ட் 5, இரவு 10.15

கையைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. எங்கள் பக்கம் மீன் தண்ணீரோடு மணலும் சேரும். கடியபட்டணத்தில் வள்ளியாறு கடலில் சேரும் இடத்தைத் தாண்டி மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு புதூர் வரை ஆனி, ஆடிக் காற்று கடற்கரை மணலை ரோட்டில் கொண்டுவந்து போட்டுவிடும். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், மோனசைட் எல்லாம் கலந்திருக்கிறது, மத்திய அரசின் அருமணல் ஆலையே அங்கே இருக்கிறது. கறுப்பாக இருக்கும் அந்த மணல் தார் ரோட்டின் மேல் கிடந்தால் இரவில் கண்ணுக்கே தெரியாது. பகலிலேயே நிழல் என்று ஏமாந்துவிடுவோம்.

அந்த நேரத்தில் நான் நடு ரோட்டை விட்டு ஓரத்துக்கே போவதில்லை. ஹாரன் அடித்தாலும் சரி, மணல் இல்லாத இடம் வந்த பிறகுதான் வழி விடுவேன்.

பாறசாலை கேஎல்19 · ஆகஸ்ட் 5, இரவு 10.52

படிக்கவே கோபம் வருகிறது. என் மாமா பையன் இதே மீன் தண்ணீரில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தான். கூலி வேலைக்காரன். அந்த மூன்று மாதத்துக்கு யார் பொறுப்பு?

ஹெல்மெட் போடாதவனைக் கேரளாவில் கேமரா பிடிக்கிறது. 2023 ஜூன் 5 முதல் அபராதமும் வருகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். எல்லையில் இஞ்சிவிளை தாண்டி வரும் டிஎன் 74, டிஎன் 75 குமரி வண்டிக்காரர்கள் இதை இன்னும் மறந்துவிடுகிறார்கள், மறக்காதீர்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் ரோடு முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டு போகிற லாரியை அதே கேமராவுக்குக் கீழே யார் நிறுத்துகிறார்கள்? பத்து லாரியைப் பிடித்துப் பெர்மிட்டை நிறுத்திவைத்தால் பதினோராவது லாரி ஒழுகாது.

கருங்கல் பட்டறை · ஆகஸ்ட் 6, காலை 6.30

தம்பி, நீ எழுதியதில் ஒரு விஷயம் முக்கியம். கால் பிரேக்கை மிதித்தேன், முன் சக்கரம் போனது என்கிறாய். உன் வண்டி 125 சிசியா? 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததா? அப்படியானால் அதில் சிபிஎஸ் இருக்கும். பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். காய்ந்த ரோட்டில் அது நல்ல ஏற்பாடு. மீன் தண்ணீர் மேல் சாய்ந்து போகும்போது அந்தக் கொஞ்சமே போதும், முன் சக்கரம் நழுவிவிடும். பின் பிரேக்தானே என்று நம்பி வளைவில் மிதித்து விழுந்து என் பட்டறைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். 125-க்கு மேல் உள்ள வண்டியில் ஏபிஎஸ் வரும். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் சாய்ந்து நழுவுகிற வண்டியை அது நிமிர்த்தித் தராது.

பெட்டித் தண்ணீர் எங்கே அதிகம் சிந்தும் என்று யோசித்துப் பார். நேர் ரோட்டில் சொட்டுச் சொட்டாக வரும். லாரி திரும்பும்போதும், மேடு ஏறும்போதும், வேகத்தடையில் குலுங்கும்போதும்தான் மொத்தமாகக் கொட்டும். அதாவது நாம் வண்டியைச் சாய்க்கிற அதே இடத்தில். அதனால் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக நிற்கும்போதே வேகத்தைக் குறைத்து, கியரையும் இறக்கிவிடு. ஈரத்தின் மேல் எதையும் சட்டென்று பிடிக்கவும் கூடாது, விடவும் கூடாது. பெருமழையில் இந்தத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும். சாரல்தான் ஆபத்து. எண்ணெயையும் கொழுப்பையும் கரைக்காமல் ரோடு முழுக்கப் பரப்பிவிடும்.

இனி வண்டி. மீன் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். விழுந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதே. பிரஷர் பைப்பைச் சக்கரத்தின் நடுவில் பிடித்தால் பேரிங்குக்குள் தண்ணீர் போகும், வேண்டாம். முன் டிஸ்க் பிரேக்கில் கேலிப்பர் பின் என்று இரண்டு உண்டு. கடற்கரை வண்டிகளில் அது உப்பரித்து இறுகிவிடும். அப்புறம் பிரேக் பிடித்தால் விடாது, பேட் ஒருபக்கம் மட்டும் தேயும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி, துடைத்து, அதற்கான கிரீஸ் வைத்துப் போடச் சொல். பேட்டரி முனையில் வாஸ்லின் தடவினால் பூக்காது.

செயினைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஓ-ரிங் உள்ள செயினில் அந்த ரப்பர் கெட்டு உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே போய்விடும். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் போதும். துடைத்துக் காயவிட்டு 90 நம்பர் கியர் ஆயில் விடு. 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்பார்கள். நம் ஊர் மழைக்காலத்துக்கு அது பற்றாது. நனைந்து வந்த அன்றைக்கெல்லாம் விட வேண்டும்.

சின்னத்துறை ஐஸ்பெட்டி · ஆகஸ்ட் 6, மதியம் 1.20

இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டு இப்போது எழுதுகிறேன். நீங்கள் சொல்கிற லாரியை ஓட்டுகிறவன் நான். என்னுடைய லாரிதான் என்று சொல்லவில்லை. ஆனால் நானும் அந்தக் குழாயைத் திறந்திருக்கிறேன்.

ஏன் தண்ணீர் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மீனுக்கு மேலும் கீழும் ஐஸ் வைக்கிறோம். நன்றாக வைக்க வேண்டும் என்றால் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். அது உருகும்போது தண்ணீர் வெளியேற வேண்டும். உருகின தண்ணீரிலேயே மீன் ஊறிக் கிடந்தால் சதை இளகிப்போகும், கோட்டயத்தில் இறக்கும்போது வியாபாரி பாதி விலைதான் சொல்வார். அதனால் பெட்டியிலும் பாடியிலும் துளை இல்லாமல் முடியாது.

பாடிக்குக் கீழே டேங்க் வைத்து அந்தத் தண்ணீரைப் பிடிக்கலாம். என் முதலாளி வைத்துத் தந்திருக்கிறார். ஆனால் முழு லோடு ஏற்றினால் பாதி வழியில் அது நிறைந்துவிடுகிறது. நிறைந்த டேங்கை எங்கே காலி செய்வது? பெட்ரோல் பங்கில் விடமாட்டார்கள், ஓடையில் விட்டால் ஊர்க்காரர் அடிக்க வருவார்கள், அது நியாயம்தான். கடைசியில் இரவு இரண்டு மணிக்கு ஆள் இல்லாத இடத்தில் ஓடிக்கொண்டே திறந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் டேங்கே வைப்பதில்லை.

பாறசாலைத் தம்பி, அபராதம் போடட்டும், நான் எதிர்க்கவில்லை. உங்கள் மாமா பையனின் மூன்று மாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மீன் இறக்கும் இடத்திலும் எல்லை தாண்டும் இடத்திலும் டேங்கைக் காலி செய்ய ஒரு தொட்டி, கழுவ ஒரு குழாய் இருந்தால் பாதிப் பேர் தாங்களாகவே வந்து காலி செய்வார்கள். என் தம்பியும் இதே ரோட்டில் பைக்கில்தான் போகிறான். அவன் கிளம்பும் நேரம் எனக்குத் தெரியும். இந்த ஆகஸ்டில் நான் குழாயைத் திறக்கவில்லை.

நித்திரவிளைக்காரன் · ஆகஸ்ட் 6, மாலை 7.05

ஐஸ்பெட்டி அண்ணே, இதை எழுதியதற்கு நன்றி. என் அப்பாவும் பத்து வருடம் தூத்தூர் ஆட்களோடு ஆழ்கடலுக்குப் போனவர். மீன் வரவில்லை என்றால் எங்கள் ஊரில் எந்தக் கடையும் ஓடாது. லாரியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தொட்டி பற்றிச் சொன்னீர்களே, அதைத்தான் நான் கேட்டு எழுதப் போகிறேன்.

பட்டறை அண்ணே, 2020 மாடல், 125 சிசி, சிபிஎஸ் உண்டு. அது முன் பிரேக்கையும் பிடிக்கும் என்று வண்டி தந்த நாளில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் தெரியாமலேயே ஓட்டியிருக்கிறேன்.

தக்கலை செவிலி · ஆகஸ்ட் 6, இரவு 9.30

நான் செவிலியர், ஸ்கூட்டரில்தான் பணிக்குப் போகிறேன். எல்லோரும் வண்டியைக் கழுவுவது பற்றிப் பேசுகிறீர்கள். காயத்தை யாரும் சொல்லவில்லை.

மீன் தண்ணீர் பட்ட சிராய்ப்பைச் சாதாரணச் சிராய்ப்பாக எடுக்காதீர்கள். கடல் மீனிலும் உப்புத் தண்ணீரிலும் இருக்கிற சில கிருமிகள் தோலுக்கடியில் வேகமாகப் பரவும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, மண்ணும் செதிலும் போகும்வரை கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள், டீசல் எதுவும் வைக்க வேண்டாம். டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு பரவினாலோ, வலி காயத்தின் அளவுக்கு மீறி இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். நித்திரவிளை அண்ணன் கட்டை நாளைக்கே அவிழ்த்துக் காட்டுவது நல்லது.

சைலன்சர் சூடு பட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர். பற்பசை வேண்டாம். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும் பெண்கள் சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சாரம் (லுங்கி) உடுத்தி பைக் ஓட்டும் ஆண்களுக்கும் அதேதான். சக்கரத்திலோ செயினிலோ மாட்டினால் இழுத்துப் போட்டுவிடும்.

இன்னொன்று. விழுந்தவரைத் தூக்கினால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து இன்னும் பலர் விலகிப் போகிறார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று பிரிவு இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு வராது, பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் உண்டு. ஊரம்பிலும் களியக்காவிளையிலும் கேரள எண் வண்டி விழுந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

பொழியூர் கடலோரம் · ஆகஸ்ட் 7, காலை 11.10

கேரளப் பக்கம் கடைசி ஊர் எங்களுடையது, அந்தப் பக்கம் நீரோடி. நான் சொல்ல வந்தது கள்ளக்கடல் பற்றி. 2024 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவாக இருந்தது. வண்டியைக் கடலோரத் தடுப்புச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தேன். திடீரென்று கடல் சுவரைத் தாண்டி வந்தது. திரும்பிப் பார்க்கும்போது வண்டி சாய்ந்து பாதி தண்ணீருக்குள் கிடந்தது. வீடுகளுக்குள்ளும் ஏறிவிட்டதால் வண்டியை யாரும் பார்க்கவில்லை, நானும்தான்.

தெற்கே இந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் அடிக்கும் புயல், அந்த அலை நாட்கணக்கில் நகர்ந்து நம் கரைக்கு வருகிறது. இங்கே அடையாளமே இருக்காது, அதனால்தான் அந்தப் பெயர். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, செய்தியிலும் அதே பெயரில்தான் வரும். எச்சரிக்கை இருக்கிற நாளில் கடலோர ரோடு வேண்டாம். உள்ளே சுற்றிப் போனால் பத்து நிமிடம் கூடுதல், அவ்வளவுதான்.

பட்டறை அண்ணனிடம் ஒரு கேள்வி. அன்று மாலையே ஸ்டார்ட் செய்து பார்த்தேன். டக் என்று ஒரு சத்தம், அப்புறம் எஞ்சின் சுற்றவே இல்லை. பதினெட்டாயிரம் செலவானது. நான் என்ன தவறு செய்தேன்?

கருங்கல் பட்டறை · ஆகஸ்ட் 7, இரவு 8.45

ஸ்டார்ட் செய்ததுதான் தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது போக்கிடம் இல்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீருக்குள் போன வண்டியில் சாவியே போடக் கூடாது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தள்ளிக்கொண்டு வா. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்தால் தண்ணீர் வெளியே வரும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் வடித்துப் புதிது ஊற்று, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதையும் வடித்துவிடு. கடல் தண்ணீர் என்றால் வயர் சாக்கெட் எல்லாம் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும், இல்லை என்றால் மூன்று மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் போகும்.

பெட்ரோல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது வருவதில் 20 சதவீதம்வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். டேங்கில் பாதி காலியாக மழைக்காலம் முழுக்க ஓட்டினால் ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். வண்டி இழுக்காது, நின்றுவிடும். ஆடியிலும் ஐப்பசியிலும் டேங்கை நிரப்பியே வை. மூடி ரப்பரையும் பார்.

பாறசாலை கேஎல்19 · ஆகஸ்ட் 7, இரவு 10.20

ஐஸ்பெட்டி அண்ணன் எழுதியதை வீட்டில் மாமா பையனுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "தொட்டி கட்டச் சொல்லி எழுதுகிறார்கள் என்றால் என் கையெழுத்தையும் வாங்கிக்கொள்" என்றான்.

டேங்க் வைக்காமல் ஓட்டுகிறவர்களை நான் இன்னும் விடமாட்டேன். அதில் மாற்றமில்லை. ஆனால் மனு இரண்டு பக்கத்துக்கும் போக வேண்டும், எல்லைக்கு அந்தப் பக்கம் வழுக்கி இந்தப் பக்கம் விழுகிறோம். மலையாளத்தில் நான் எழுதித் தருகிறேன்.

நித்திரவிளைக்காரன் · ஆகஸ்ட் 8, காலை 7.50

செவிலி அக்கா சொன்னபடி நேற்றுக் கட்டை அவிழ்த்துக் காட்டினேன். உள்ளே ஒரு ஓரம் சீழ் வைத்திருந்தது. திரும்பச் சுத்தம் செய்து மாத்திரை தந்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நான் ஞாயிறுவரை விட்டிருப்பேன்.

மனுவின் தமிழ் நகலை எழுதிவிட்டேன். இரண்டு கோரிக்கைதான்: மீன் இறங்குதளத்திலும் எல்லையிலும் டேங்க் காலி செய்யத் தொட்டி, டேங்க் இல்லாத வண்டிக்கு லோடு ஏற்ற அனுமதி இல்லை. சனிக்கிழமை மாலை ஊரம்பில் சாயாக் கடையில் இருப்பேன். முடிந்தவர்கள் வந்து கையெழுத்துப் போடுங்கள்.

சின்னத்துறை ஐஸ்பெட்டி · ஆகஸ்ட் 8, மாலை 5.15

நான் வருகிறேன். இன்னும் நான்கு டிரைவர்கள் வருவார்கள்.

முட்டம் லைட்ஹவுஸ் · ஆகஸ்ட் 9, அதிகாலை 5.05

மண்டைக்காடு புதூர் ரோட்டில் மேற்கு ஓரம் மணல் ஏறிக் கிடக்கிறது. குளச்சல் போகிறவர்கள் நடுவில் வாருங்கள்.

நித்திரவிளைக்காரன் · ஆகஸ்ட் 9, அதிகாலை 5.42

ஊரம்பு இறக்கம், நான் விழுந்த அதே வளைவு: இடது பாதி ஈரம், வாடை இருக்கிறது, சாரலும் உண்டு. வேகத்தடைக்கு முன்பே குறைத்துவிடுங்கள். பூவார் பாலம் வரை மீதி ரோடு காய்ந்திருக்கிறது.